தூங்கினால் கரடி வரும்

“எவ்வளவு அலுப்பா இருந்தாலும் கட்டில் பக்கம் மட்டும் போயிடாதே மச்சி.” ஆப்லிவியன் ஆடத் தொடங்கியிருந்தவனுக்கு அலுவலக நண்பன் சொன்ன புத்திமதி இது. எந்த வாளை வாங்கலாம், எந்த மந்திரத்தை முதலில் கற்கலாம் என்று கேட்கப் போனவனுக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான். கிண்டல் செய்கிறான் என்று சிரித்துவிட்டு வந்தான்.

‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 4: ஆப்லிவியன்’ 2006 மார்ச் 20 அன்று வெளிவந்தது. அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்தின் ராக்வில் நகரத்தில் இருக்கும் பெதஸ்டா கேம் ஸ்டூடியோஸ் உருவாக்கியது. தயாரிப்புக்குத் தலைமை டாட் ஹோவர்ட். தலைமை வடிவமைப்பாளர் கென் ரோல்ஸ்டன். சிரோடீல் என்றொரு கற்பனை நாடு, அதற்கொரு கிழட்டுப் பேரரசர். அவருக்குக் குரல் கொடுத்தவர் பேட்ரிக் ஸ்டூவர்ட். ‘எக்ஸ்-மென்’ படங்களின் பேராசிரியரைக் கூட்டிவந்து, ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே கொன்றுவிடும் துணிச்சல் அந்தக் கேமுக்கு இருந்தது. ஆடுபவர் ஒரு சிறைக்கைதி. சாகும் முன் பேரரசர் அந்தக் கைதியிடம் ஒரு பதக்கத்தை ஒப்படைக்கிறார். நாட்டின் தலையெழுத்து இனி அதில்தான்.

அதை ஓட்ட நல்ல கணினி வேண்டும். குறைந்தபட்சத் தேவை 512 எம்.பி. ரேம், 128 எம்.பி. கிராபிக்ஸ் கார்டு. இன்றைய கைபேசிக்கு இது கொசுறு. அன்று சம்பளத்தில் கை வைக்கிற செலவு. பழைய கார்டு வைத்திருந்தவர்களுக்கென்றே ‘ஓல்ட்பிளிவியன்’ என்றொரு மாற்று நிரலை ரசிகர்கள் எழுதியிருந்தார்கள். கேம் ஓடும், அழகில் பாதி காணாமல் போகும். அவனுக்கு அதில் மனசு ஒப்பவில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, பேரம் பேசி, புதுக் கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்தினான்.

போட்ட காசுக்குப் பலன் இருந்தது. சிறையிலிருந்து தப்பி, எலிகளும் பூதங்களும் திரியும் சாக்கடைச் சுரங்கங்களைக் கடந்து, கம்பிக் கதவைத் திறந்து வெளியே வந்தால் எதிரே ஏரி. அக்கரையில் வில்வெரின் என்ற வெள்ளைக்கல் இடிபாடு. ஜெரமி சோலின் இசை மெல்ல எழுகிறது. பதக்கத்தைச் சேர்க்க வேண்டிய மடம் வடமேற்கே கோரல் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் உடனே போய்த்தான் ஆகவேண்டும் என்று யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. பேரரசர் செத்தது செத்ததுதான், அந்த இடிபாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எப்படிப் போவது? அவன் ஏரியில் இறங்கி நீந்தினான். அன்றிரவு கணினியை அணைத்தபோது விடிந்திருந்தது.

சிக்கல் அதற்கு முன்பே, சுரங்கத்துக்குள்ளேயே விதைக்கப்பட்டிருந்தது. நீ என்ன தொழில்காரன் என்று அங்கே ஒரு காவலர் கேட்பார். ஆயத்தமாக இருக்கும் தொழில்களில் ஒன்றைச் சொல்லலாம். பிடிக்காவிட்டால் சொந்தமாக ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம். மொத்தம் 21 திறன்கள். அவற்றில் ஏழு முதன்மைத் திறன்கள். அவை கொஞ்சம் உயர்ந்த எண்ணில் தொடங்கும். அவன் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்தான்: வாள், கேடயம், கனத்த கவசம், அழிவு மந்திரம், காயம் ஆற்றும் மந்திரம், ஓட்டம், தாவல். கவசம் அணிந்த மந்திரவாதி. ஓடுவான், குதிப்பான், வெட்டுவான், நெருப்பை எறிவான். இதைவிட இயல்பான தேர்வு என்ன இருக்க முடியும்?

அந்தக் கேமில் எதைச் செய்கிறோமோ அது வளரும். வாள் வீசினால் வாள் திறன் ஏறும், ஓடினால் ஓட்டம் ஏறும், குதித்தால் தாவல் ஏறும். கேட்பதற்கு நியாயமான ஏற்பாடு. ஏழு முதன்மைத் திறன்களில் எல்லாமாகச் சேர்த்துப் பத்துப் படி ஏறினால் ஒரு லெவல் ஏறத் தகுதி வந்துவிடும். ஆனால் லெவல் தானாக ஏறாது. எங்காவது ஒரு கட்டிலில் படுத்துத் தூங்க வேண்டும். எழுந்ததும் வலிமை, அறிவு, மனவுறுதி, லாவகம், வேகம், தாங்குதிறன், ஆளுமை, அதிர்ஷ்டம் என்ற எட்டுப் பண்புகளில் மூன்றை உயர்த்திக்கொள்ளலாம்.

அவன் ஊர் ஊராக ஓடினான். நடப்பதைவிட ஓடுவது வேகம் என்பதால் ஓடினான், சும்மா இருக்கப் பிடிக்காததால் குதித்தான். லெவல்கள் மளமளவென்று ஏறின. ஒவ்வொரு தடவையும் சத்திரத்தில் தூங்கி எழுந்து ஊர் எல்லையைத் தாண்டும்போது ஏதோ உறுத்தியது. முதலில் வழியில் வந்தவை எலிகளும் ஓநாய்களும். பிறகு பெரிய ஓநாய்கள். பிறகு மலைச்சிங்கங்கள். அப்புறம் கரடிகள். காட்டில் எலியையே காணோம். ஓடியும் குதித்தும் லெவல் ஏற்றிய வீரனுக்கு வாள் வீச மட்டும் கை வரவில்லை. கரடியோ அவன் லெவலைப் பார்த்துத்தான் வந்திருந்தது. அவன் கையைப் பார்த்து வரவில்லை.

நண்பனின் புத்திமதி அப்போதுதான் உறைத்தது.

ஆப்லிவியனின் உலகம் ஆடுபவனோடு சேர்ந்து வளர்கிறது. குகையில் எந்த மிருகம் இருக்கும், பெட்டிக்குள் எந்த வாள் கிடக்கும், வழிப்பறிக்காரன் என்ன உடுத்தியிருப்பான் என்பதையெல்லாம் உங்கள் லெவல் முடிவு செய்கிறது. முதல் லெவலில் போனாலும் முப்பதாம் லெவலில் போனாலும் அந்தக் குகை உங்களுக்குத் தக்கபடி அளவெடுத்துத் தைத்துவைக்கப்பட்டிருக்கும். எங்கே வேண்டுமானாலும் போ, எப்போது வேண்டுமானாலும் போ என்று சொல்கிற ஒரு கேம், அந்தச் சொல்லைக் காப்பாற்றக் கண்டுபிடித்த வழி இது. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. தப்பான திசையில் போய் முதல் நாளே அடிபட்டுச் சாகிற ஆட்டக்காரனின் எரிச்சலை ஒழிக்க நினைத்தார்கள். எரிச்சலோடு பயமும் ஒழிந்தது. பயம் போன இடத்தில் பெருமிதமும் நிற்கவில்லை.

இதற்கு முந்தைய ஆட்டமான 2002-இன் ‘மாரோவிண்டு’ அப்படி இல்லை. அங்கே தெரியாத்தனமாக ஒரு பாழடைந்த பூசைக்கூடத்துக்குள் நுழைந்தால் உள்ளே இருப்பது உங்களைப் பிய்த்துப் போட்டுவிடும். ஓடிவந்து, வளர்ந்து, கருவிகளோடு திரும்பிப் போய் அதை வீழ்த்தும் நாள் ஒரு திருநாள். டேட்ரிக் கவசம் என்ற கரிய, கூர்கூரான கவசம் அந்த உலகத்திலேயே உச்சம். அதை ஏறக்குறைய முழுசாக உடுத்தியிருப்பவர் டிவைத் ஃபிர் என்ற பல்லாயிரம் வயதுக் கிழ மந்திரவாதி ஒருவர்தான். வேண்டுமென்றால் ஒவ்வொரு உறுப்பாகத் தேடி அலைய வேண்டும்; இல்லாவிட்டால் அவரைக் கொன்று உரிக்க வேண்டும். ஆப்லிவியனில் லெவல் இருபதைத் தாண்டிவிட்டால், பெயர்கூட இல்லாத குகைக் கொள்ளைக்காரர்கள் அதே கவசத்தோடு நின்றார்கள்.

அதிலும் உச்சம் அந்த வழிப்பறிக்காரன்தான். சாலையில் நடந்துகொண்டிருந்தவனை ஒருவன் மறித்து நூறு பொற்காசு கேட்டான். கேட்டவன் உடுத்தியிருந்தது கண்ணாடிக் கவசம். அந்த உலகத்தின் கண்ணாடி, பச்சை நிறத்தில் மின்னும் அரிய கனிமம். அதைச் செய்யத் தெரிந்த கொல்லர்களும் குறைவு. தலை முதல் கால்வரை ஆயிரக்கணக்கான காசு பெறும் உடுப்பு. இவ்வளவு வசதியானவன் நூறு காசுக்கு ஏன் வெயிலில் நிற்கிறான்? விற்றுவிட்டு ஒரு வீடு வாங்கிக்கொண்டு போயிருக்கலாமே! அவனைக் கொன்று, கவசத்தை உரித்து, ஊரில் கொண்டுபோய் விற்று, ஆட்டக்காரன்தான் வீடு வாங்கினான். அடுத்த வாரம் அதே சாலையில் இன்னொரு கண்ணாடிக்காரன் நின்றான். அரிய பொருள் என்று புத்தகங்களில் எழுதி வைத்திருந்ததெல்லாம் பொய்யாகப் போனது. பாடுபட்டுத் தேடவேண்டிய பொருள் சாலையோரம் தானாக நடந்துவந்து மோதுகிறது என்றால், பிறகு எதைத் தேடுவது?

இன்னொரு வகை எரிச்சல் பரிசுகளில் இருந்தது. கோரல் நகரத்தில் வாலஸ் ஓடீல் என்ற முதியவர். குடும்பப் பண்ணையைக் கோப்ளின் கூட்டம் தாக்கப்போகிறது. மகன்கள் இருவரும் தனியாகப் போயிருக்கிறார்கள். கூட நின்று சண்டையிட்டு அவர்களைக் காப்பாற்றினால், தன் பழைய வாளைக் கொடுப்பார். பெயர் சில்ரெண்டு, பனிக்கட்டி நீலத்தில் ஒளிரும். கேமின் மிக அழகான வாள்களில் ஒன்று. அதைத் தொடக்க லெவலிலேயே வாங்கிவிட்டால் அதன் பலம் அந்த லெவலுக்கு உரியதாகவே நின்றுவிடும். நீங்கள் வளர்வீர்கள், எதிரி வளர்வான், வாள் வளராது. மூத்த ஆட்டக்காரர்களின் அறிவுரை என்ன தெரியுமா? கிழவரை அப்படியே உட்காரவையுங்கள், லெவல் நன்றாக ஏறிய பிறகு போய்க் காப்பாற்றுங்கள். அதாவது பிள்ளைகளின் உயிரைவிட வாளின் கூர்மை முக்கியம் என்று கணக்குச் சொல்கிறது. கதையில் வீரனாக இருந்தால் பரிசில் ஏமாளி.

கணக்கு என்றால் உண்மையிலேயே கணக்குதான். லெவல் ஏறும்போது ஒரு பண்பு எத்தனை புள்ளி உயரும் என்பது, அந்தப் பண்புக்குக் கீழ் வரும் திறன்கள் முந்தைய லெவலில் எத்தனை படி ஏறின என்பதைப் பொறுத்தது. ஒன்றும் ஏறாவிட்டால் ஒரு புள்ளி. ஒன்று முதல் நான்கு படிகளுக்கு 2, ஐந்து முதல் ஏழுவரை 3, எட்டு ஒன்பதுக்கு 4, பத்து எட்டினால் 5. மூன்று பண்புகளிலும் ஐந்து ஐந்தாக வாங்க முப்பது படிகள் ஏற வேண்டும். ஆனால் முதன்மைத் திறன்களில் பத்து ஏறியதும் லெவல் முடிந்துவிடும். மீதி இருபதை முதன்மை அல்லாத திறன்களில் திட்டமிட்டு ஏற்ற வேண்டும். அதிர்ஷ்டத்துக்கு எந்தத் திறனும் கிடையாது, எப்போதும் ஒன்றே ஒன்றுதான். உடல்நலமோ இன்னும் கண்டிப்பு: ஒவ்வொரு லெவலிலும் அன்றைய தாங்குதிறனில் பத்தில் ஒரு பங்கு கூடும். தாங்குதிறனைப் பின்னால் உயர்த்திக்கொள்ளலாம் என்று விட்டால், முன்னால் தவறவிட்டது திரும்பி வராது.

இந்த விதிகளில் பெரும்பகுதி கேமுக்குள் எங்கும் தெளிவாகச் சொல்லப்படவில்லை. லெவல் ஏறும் திரையில் பண்புகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் எண் வரும், அவ்வளவுதான். ஆனால் எதிரிகள் மட்டும் எல்லாரும் ஐந்து ஐந்தாக வாங்கியவர்களைப் போலவே வளர்ந்தார்கள். அலட்சியமாக ஆடியவன் ஒவ்வொரு லெவலிலும் முன்பைவிட இளைத்தான். லெவல் என்றால் முன்னேற்றம் என்று மற்ற எல்லா ஆட்டங்களும் சொல்லிக்கொடுத்திருந்தன. இங்கே அது தண்டனையாகவும் ஆகக்கூடும்.

அவன் புதுப் பாத்திரம் ஒன்றைத் தொடங்கினான். இந்த முறை கணினிக்குப் பக்கத்தில் கோடு போட்ட நோட்டுப் புத்தகம். இடப்பக்கம் எட்டுப் பண்புகள், வலப்பக்கம் கட்டங்கள்; ஒவ்வொரு திறன் ஏறும்போதும் ஒரு கோடு. அறைத்தோழன் எட்டிப் பார்த்தான்.

“என்னடா, கேம் ஆடுறியா, மளிகைக் கணக்கு எழுதுறியா?”

“தாங்குதிறன் இன்னும் மூணு பாக்கிடா. அதுக்கு முன்னாடி லெவல் ஏறிடக் கூடாது.”

“ஏறினா நல்லதுதானே?”

இதை ஒருவருக்கு விளக்கிப் புரியவைப்பது லேசில்லை. அந்த மூன்று பாக்கிக்காக அவன் என்ன செய்தான் என்பதை விளக்குவது இன்னும் கடினம். கடற்கரையில் சேற்று நண்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, கேடயத்தைத் தூக்கிக்கொண்டு, அது அடிக்க அடிக்க நின்றுகொண்டிருந்தான். திருப்பி அடிக்கக் கூடாது. அடித்தால் நண்டு செத்துவிடும், வாள் திறன் ஏறிவிடும். இது அவன் மட்டும் கண்டுபிடித்த பைத்தியம் கிடையாது. உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் இதைச் செய்தார்கள். பதுங்கும் திறனை ஏற்ற, தூங்குகிறவர் ஒருவர் வீட்டுச் சுவரைப் பார்த்துப் பதுங்கி நின்று, தானாக நடக்கும் பொத்தானை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனார்கள். எக்ஸ்பாக்ஸ் வைத்திருந்தவர்கள் கைப்பிடிக் குச்சியை ரப்பர் பேண்டால் கட்டிவிட்டுத் தூங்கினார்கள். சிரோடீலின் வருங்கால மீட்பர் இரவெல்லாம் சுவரில் முட்டிக்கொண்டிருந்தார்.

இன்னும் தேர்ந்தவர்கள் ஒரு படி மேலே போனார்கள். எந்தத் திறன்களைப் பயன்படுத்தவே போவதில்லையோ அவற்றையே முதன்மைத் திறன்களாகத் தேர்ந்தெடு என்றார்கள். வாள்வீரன் ஆக ஆசையா? வாளை முதன்மையில் சேர்க்காதே. அப்போதுதான் வாள் திறன் உன் இஷ்டத்துக்கு ஏறும், லெவல் உன் அனுமதி இல்லாமல் ஏறாது. நீ யார் என்று காவலர் கேட்கும்போது நீ யார் இல்லையோ அதைச் சொல்வதே சிறந்த விடை. வேடம் ஏற்று ஆடுவதற்கென்றே செய்த ஒரு கேம், ஏற்ற வேடத்துக்கு உண்மையாக இருப்பவனைத்தான் உதைத்தது. அவனுடைய மனத்தாங்கல்கள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது இதுதான். கரடி, கண்ணாடி எல்லாம் இதன் கிளைகள்.

கஷ்டமாக இருந்தால் தணித்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. அமைப்புகளில் ஒரு நகர்த்துக்கோடு. ஒரு கோடிக்குத் தள்ளினால் எதிரியின் அடி ஆறு மடங்கு, உங்கள் அடி ஆறில் ஒரு பங்கு. மறு கோடிக்குத் தள்ளினால் தலைகீழ். நடுச்சண்டையில்கூட இழுத்துக்கொள்ளலாம். ஓர் ஆட்டத்தின் சமநிலையை ஆடுபவனே சண்டைக்குச் சண்டை சரிசெய்ய வேண்டியிருந்தால், வடிவமைப்பாளர் வேலையில் பாதி அவன் தலையில் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

பேச்சுவார்த்தை தனிக் கூத்து. ஒருவரின் நல்லெண்ணத்தைப் பெற வேண்டுமென்றால் திரையில் ஒரு வட்டம் வரும், நாலு துண்டாக வெட்டப்பட்டிருக்கும். புகழ்ச்சி, பெருமை பேசுதல், நகைச்சுவை, மிரட்டல். ஒவ்வொருவருக்கும் அவற்றில் ஒன்று மிகப் பிடிக்கும், ஒன்று ஓரளவு பிடிக்கும், ஒன்று பிடிக்காது, ஒன்று அறவே ஆகாது. ஆனால் ஒரு சுற்றில் நான்கையும் ஒவ்வொரு தடவை பயன்படுத்தியே ஆகவேண்டும். ஆகவே கோயில் பூசாரியிடம் போய், அவரைப் புகழ்ந்து, ஒரு நகைச்சுவை சொல்லி, கொன்றுவிடுவேன் என்று மிரட்டி, பிறகு தன் வீரப்பிரதாபத்தை அளந்தால், அவர் மனம் குளிர்ந்து ரகசியத்தைச் சொல்வார். பெரிய துண்டு வரும்போது பிடித்ததைச் சொல், சின்னத் துண்டு வரும்போது பிடிக்காததைச் சொல்; சூட்சுமம் இவ்வளவுதான். முகபாவம் நொடிக்கு நொடி மாறும்: மலரும், சுளிக்கும், மலரும். யார் முன்னால் நிற்கிறார் என்பது இரண்டு நிமிடத்தில் மறந்துபோய், சுழலும் வட்டம் மட்டும் கண்ணில் நிற்கும்.

இவ்வளவுக்கும் அந்த மனிதர்களை உயிரோட்டமாக்க எடுத்த முயற்சி சின்னதில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாத்திரங்கள். ஒவ்வொருவருக்கும் எழுவதற்கும் உண்பதற்கும் கடை திறப்பதற்கும் கோயிலுக்குப் போவதற்கும் நேரம் ஒதுக்கிய அட்டவணை. ரேடியண்ட் ஏ.ஐ. என்று பெயர் வைத்திருந்தார்கள். எல்லா வசனத்துக்கும் குரல் பதிவு வேறு. குரல் கலைஞர்கள் கொஞ்சம் பேர்தான். வெஸ் ஜான்சன் என்ற ஒருவரே ஊர்க்காவலர்களுக்கும், சண்டைக்களத்தின் அறிவிப்பாளருக்கும், கொலைகாரச் சங்கத்தின் லூசியன் லாஷான்ஸுக்கும், பைத்தியக்காரத் தெய்வமான ஷியோகோரத்துக்கும் பேசினார். கில்லாடி, ஆனால் கண்ணை மூடிக் கேட்டால் ஊரே ஒரே ஆள். தெருவில் இருவர் சந்தித்துக்கொண்டால் சேற்று நண்டைப் பற்றிப் பேசிவிட்டுச் சட்டென்று விடைபெறுவார்கள். பிச்சைக்காரர் தழுதழுத்த குரலில் காசு கேட்பார். வதந்தி ஏதும் உண்டா என்றால் திடீரென்று கம்பீரமான வேறொரு குரலில் பதில் சொல்வார். அறைத்தோழனுக்கு இந்தக் கேமில் பிடித்த ஒரே அம்சம் இதுதான். சனிக்கிழமை இரவுகளில் பிச்சைக்காரரிடம் பேசச் சொல்லிக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பான்.

பட்டங்களும் அப்படித்தான். சண்டைக்களத்தில் வென்று பெருவீரன் பட்டம் வாங்கினால், மஞ்சள் கொண்டை வைத்த ரசிகன் ஒருவன் வாழ்நாள் முழுதும் பின்னால் ஓடிவந்து புகழ்வான். நகர வாசலைத் தாண்டியதும் பெருவீரனை ஒரு மிருகம் கிழித்துப்போடும், ரசிகன் ஓடிப்போவான். மந்திரவாதிகள் சங்கத்துக்குத் தலைவராவதற்கு மந்திரத்தில் பெரிய தேர்ச்சியும் வேண்டியதில்லை. ஆட்டக்காரனுக்கு எந்தக் கதவும் மூடியிருக்கக் கூடாது என்ற அதே தயவு.

கதையின் மையமான நரக வாசல்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வாசல், எரிந்துகொண்டிருக்கும் க்வாட்ச் நகரத்தின் எதிரே நிற்கிறது. சிவந்த வானம், எரிமலைக் குழம்பு, முள்முள்ளான கோபுரம். உச்சிக்கு ஏறி ஒரு கல்லைப் பிடுங்கினால் வாசல் மூடும். பிரமாதம். பிறகு நாடெங்கும் அதே வானம், அதே குழம்பு, அதே கோபுரம். புரூமா நகரத்துக்குப் படைதிரட்ட ஊர் ஊராகப் போனால், முதலில் எங்கள் வாசலை மூடிவிட்டு வா என்பார்கள். சில ஊர்களை அவன் கைகழுவிவிட்டான்.

குதிரைக் கவசத்தையும் சொல்லிவிட வேண்டும். கேம் வெளிவந்த அடுத்த மாதமே குதிரைக்கு மாட்டும் அலங்காரக் கவசத்தைத் தனியாக விற்றார்கள். எக்ஸ்பாக்ஸில் இரண்டரை டாலர் மதிப்பு, கணினியில் 1.99 டாலர். உலகமே கேலி செய்தது. பலர் வாங்கவும் செய்தார்கள். இன்று ஒரு துப்பாக்கிக்குச் சாயம் பூச அதைவிடப் பல மடங்கு கொடுக்கிற தலைமுறைக்கு அந்தக் கோபம் புரியாது. அவனுக்கு அப்போது சர்வதேசக் கடன் அட்டையே கிடையாது, கோபப்படக்கூட வழியில்லை.

இத்தனை குறைகளோடு ஏன் விடாமல் ஆடினான்? ஸ்கிங்கிராட் நகரத்தில் ஒரு மாளிகை இருக்கிறது. உள்ளே ஐந்து விருந்தாளிகள். பொற்காசு நிறைந்த பெட்டி ஒன்று வீட்டில் ஒளித்து வைக்கப்பட்டிருப்பதாக நம்பி வந்திருக்கிறார்கள். கதவு பூட்டப்பட்டிருக்கிறது. ஆறாவது விருந்தாளியாக நுழையும் ஆட்டக்காரன் அனுப்பப்பட்டிருப்பது அவர்களை ஒவ்வொருவராகக் கொல்ல. யார் கண்ணிலும் படாமல் முடித்தால் கூடுதல் பரிசு. ஒருவரிடம் இன்னொருவரைப் பற்றிப் பேசிப் பேசிச் சந்தேகத்தை வளர்க்கலாம். மிச்சமிருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்து நடுங்குவதை, அனுதாபமான முகத்தோடு கேட்டுக்கொண்டிருக்கலாம். கொலைகாரச் சங்கத்தின் இந்தக் கதைகளை வடிவமைத்தவர் எமில் பக்லியாருலோ. அவன் அந்த வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கழித்தான். மகளைப் பறிகொடுத்த ஒரு கிழக் குடிகாரரைக் கொல்ல மனம் வராமல் கடைசிவரை தள்ளிப்போட்டான்.

செய்டின்ஹால் நகரத்தில் ஓர் ஓவியர் காணாமல் போயிருப்பார். பூட்டிய அறைக்குள் அவர் வரைந்துகொண்டிருந்த சித்திரத்தைத் தொட்டால் அதற்குள் இழுக்கப்படுவீர்கள். உள்ளே மரம், புல், வானம் எல்லாம் தூரிகைத் தீற்றல்கள். எதிரிகளும் வண்ணத்தால் ஆன பூதங்கள். வாளில் டர்பன்டைன் பூசிக்கொண்டு போனால் கரைந்துபோவார்கள். இந்த இரண்டு இடங்களிலும் உங்கள் லெவல் எத்தனை என்பது நினைவிலேயே இருக்காது. எண்களை மறக்கவைத்த இடங்களில் கேம் உயர்ந்து நின்றது. நோட்டுப் புத்தகத்தில் அந்த நாட்களுக்குக் கோடே இல்லை.

விமோசனம் ரசிகர்களிடமிருந்து வந்தது. கேமை மாற்றியமைக்கும் கருவியான கன்ஸ்ட்ரக்ஷன் செட்டை இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாராளத்துக்கு முழு மரியாதை உண்டு. தொலைக்காட்சித் திரையை மனதில் வைத்துப் பெரிது பெரிதாக எழுதப்பட்ட பொருள் பட்டியலைச் சுருக்கி, மேசைக் கணினிக்கு ஏற்றபடி ஆக்கினார் ஒருவர். லெவல் கணக்கைத் தூக்கிவிட்டு, பயிற்சிக்குத் தக்கபடி பண்புகள் தானாக வளரும்படி செய்தார் இன்னொருவர். எல்லாவற்றுக்கும் மேலே ‘ஆஸ்கூரோஸ் ஆப்லிவியன் ஓவர்ஹால்’. ஆஸ்கூரோ என்ற பெயரில் எழுதிய ஹோர்ஹே சல்காடோ, உலகம் ஆடுபவனோடு சேர்ந்து வளர்வதைப் பெருமளவு நிறுத்தினார். கொள்ளையன் கொள்ளையன் தகுதிக்கே உடுத்தினான். சில குகைகள் எளியவை, சில குகைகள் நுழையவே கூடாதவை. அதை நிறுவிய அன்று அவன் ஒரு குகைக்குள் போய் மூன்றே அடியில் செத்தான். மனசு நிறைந்தது. அந்தக் குகையின் பெயரை நோட்டில் எழுதி வட்டம் போட்டான். நீண்ட நாள் கழித்துத் திரும்பிப் போனபோது, வாசலிலேயே நெஞ்சு படபடத்தது. சல்காடோ பின்னாளில் அப்சிடியன் நிறுவனத்தில் சேர்ந்து ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ உருவாக்கத்தில் வேலை செய்தார்.

மூலக் கேமைச் செய்தவர்களும் பாடம் படித்திருந்தார்கள். 2008-இல் வந்த ‘ஃபால்அவுட் 3’ ஓர் இடத்துக்குள் முதன்முதலில் நுழையும்போதே அதன் கடினத்தை நிலைநிறுத்தியது. 2011-இன் ‘ஸ்கைரிம்’ இடத்துக்கு இடம் கீழெல்லையும் மேலெல்லையும் வகுத்தது. ராட்சதர்கள் மாமத் யானைகளை மேய்த்துக்கொண்டிருக்கும் பக்கம் ஆரம்பத்திலேயே போனால் வானத்தில் பறக்க விடுவார்கள். அதே ஸ்கைரிம் எட்டுப் பண்புகளையும் அடியோடு தூக்கிவிட்டது. உடல்நலம், மந்திரசக்தி, தெம்பு என்ற மூன்றே மிச்சம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை என்பது அவன் கட்சி. கணக்கு முறைதான் கோளாறு. வலிமையும் ஆளுமையும் அதிர்ஷ்டமும் என்ன பாவம் செய்தன? இதைப் பற்றி அலுவலக நண்பனோடு அவன் போட்ட சண்டை கல்யாணப் பந்திவரை நீண்டிருக்கிறது.

2025 ஏப்ரல் 22 அன்று, முன்கூட்டி ஊர்முழக்கம் ஏதுமின்றி, ஆப்லிவியனின் மறுபதிப்பு வெளிவந்தது. பெதஸ்டாவோடு சேர்ந்து விர்ச்சுவோஸ் நிறுவனம் அன்ரியல் எஞ்சின் 5-இல் படங்களைப் புதுப்பித்திருந்தது. எட்டுப் பண்புகளும் அப்படியே இருக்கின்றன. லெவலுக்குப் பன்னிரண்டு புள்ளி. மூன்று பண்புகள்வரை பிரித்துப் போட்டுக்கொள்ளலாம், ஒன்றுக்கு அதிகபட்சம் ஐந்து. அதிர்ஷ்டம் மட்டும் ஒன்றுக்கு நான்கு புள்ளி விலை. முதன்மை அல்லாத திறன்களும் இப்போது லெவலுக்குக் கணக்காகும். கோடு போட வேண்டாம், நண்டைத் தேட வேண்டாம். நாற்பதைத் தாண்டியவன் தன் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, வாளை முதன்மைத் திறனாகவே தேர்ந்தெடுத்தான். “அப்பா, நீங்க ஏன் எதுக்கெடுத்தாலும் குதிக்கிறீங்க?” என்று கேட்டாள்.

எதிரிகள் மட்டும் மாறவில்லை. லெவல் ஏற ஏற அவர்களும் ஏறுகிறார்கள். கண்ணாடிக்காரர்கள் சாலைக்குத் திரும்பிவிட்டார்கள். மோட் எனப்படும் ரசிகர் மாற்றங்களுக்கு அதிகாரபூர்வ ஆதரவு இல்லை என்று அறிவித்திருந்தும் ரசிகர்கள் சில நாட்களுக்குள் அதையும் மாற்றக் கிளம்பிவிட்டார்கள். பழைய குரல்களைக் கிட்டத்தட்ட அப்படியே வைத்திருந்தார்கள். தலைநகரக் கோயிலில் டாண்டில்வே என்றொரு பூசாரிணி இருக்கிறாள். பேச்சுக்கலையில் நாட்டிலேயே தலைசிறந்த ஆசிரியை. 2006-இல் அவளுக்குக் குரல் கொடுத்தவர் ஒரு வசனத்தில் தடுமாறி, இன்னொரு முறை சொல்கிறேன் என்று பதிவுக்கூடத்தில் கேட்டது, வெட்டப்படாமல் கேமுக்குள் போய்விட்டது. மறுபதிப்பிலும் அந்தத் தடுமாற்றத்தை எடுக்கவில்லை. அவன் மகளைக் கூட்டிக்கொண்டு முதலில் போனது அவளிடம்தான்.